ஸ்டீக் லார்சன்: ஏழு மாடியும் மூன்று கைப்பிரதிகளும்

ஸ்வீடன் நாட்டுக் குற்றப்புனைவு எழுத்தாளர் ஸ்டீக் லார்சன் தம் முதல் நாவல் அச்சாவதற்கு முன்பே மாடிப்படி ஏறி இறந்துபோனார் என்பது உண்மையா, அதில் சதி ஏதும் உண்டா, முப்பதாண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்த பெண்ணுக்கு ஏன் ஒரு காசும் சேரவில்லை, அவருக்குப் பின் வேறு கைகள் எழுதிய தொடர்ச்சிகளை அவருடையவை என்று எண்ணிப் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு கேள்விகளாகத் தெரிந்தாலும் கேட்பது ஒன்றைத்தான் என்று எனக்குப் படுகிறது: ஒருவருடைய சாவு அவர் எழுதிய கதைகளைவிடப் பெரிய கதையாகிவிட்ட பிறகு, அவரை எதைக் கொண்டு நினைவுகூர்வது? நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பதிப்புத் துறையில் கைப்பிரதி திருத்துபவன்; மாத நாவல்களும் தொடர்கதைகளும் நிறையவே என் மேசையைக் கடந்திருக்கின்றன; எழுத்தாளர்கள் இறந்த பிறகு உரிமைப் பத்திரங்களைத் தேடி அலைந்த அனுபவமும் உண்டு. ஸ்வீடிஷ் மொழி எனக்குத் தெரியாது. லார்சனை ஆங்கிலத்தில்தான் படித்தேன். ஆகவே நடையைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்குக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஐயமில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். 2004 நவம்பர் 9 அன்று, ஸ்டாக்ஹோமில் தாம் ஆசிரியராக இருந்த 'எக்ஸ்போ' இதழின் அலுவலகத்துக்கு லார்சன் வந்தபோது லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏழு மாடியையும் படியேறிக் கடந்தார். மேலே போய்ச் சேர்ந்ததும் சரிந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் பிழைக்கவில்லை. காரணம் மாரடைப்பு. வயது ஐம்பது. துணைவி எவா காப்ரியேல்சன் அன்று வேலை நிமித்தமாக ஃபாலுன் என்ற வேறோர் ஊரில் இருந்தார். நவம்பர் 9 என்பது 1938-இல் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் அடித்து நொறுக்கப்பட்ட இரவின் நினைவு நாள். அன்று மாலை நாஜிசத்தைப் பற்றி அவர் ஒரு கூட்டத்தில் பேசவும் வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுதும் நாஜிகளை எதிர்த்து எழுதியவர், அந்த நாளில், அந்தப் பேச்சுக்குச் சில மணி நேரம் முன்பு இறக்கிறார் என்று ஒரு நாவலில் யாராவது எழுதிக் கொண்டுவந்திருந்தால், தற்செயல் கொஞ்சம் மிகை என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருப்பேன்.

சதி என்ற பேச்சு முளைத்த இடமும் இதுதான். அது வெறும் கற்பனையிலிருந்து வந்ததன்று என்பதால்தான் இத்தனை ஆண்டுகளாகச் சாகாமல் இருக்கிறது. 1995-இல் தொடங்கிய எக்ஸ்போ, ஸ்வீடனின் இனவெறி அமைப்புகள், அவற்றின் பணம், ஆட்கள், தொடர்புகள் ஆகியவற்றைப் பெயரோடு வெளியிட்ட சிறு இதழ். அடுத்த ஆண்டே அதை அச்சிடுவோருக்கும் விற்போருக்கும் மிரட்டல் வந்தது. எதிரெதிர்ப் போட்டியாளர்களான 'ஆஃப்டன்பிளாடெட்', 'எக்ஸ்பிரசன்' என்னும் இரு பெரிய மாலை நாளேடுகள் ஒன்றுசேர்ந்து அந்த இதழைத் தங்கள் இணைப்பாக அச்சிட்டு வாசகர்களிடம் கொண்டுசேர்த்தன. 1999-இல் நவ நாஜிகளைப் பற்றி எழுதிய ஒரு பத்திரிகையாளரின் காரில் குண்டு வெடித்தது. அதே ஆண்டு அக்டோபரில், தன் சங்கக் கிளையின் நிர்வாகத்துக்குள் ஒரு நவ நாஜி புகுந்திருப்பதை வெளிக்கொணர்ந்த பியோன் சோடர்பெரி என்ற தொழிற்சங்கக்காரர் ஸ்டாக்ஹோமில் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். லார்சனுக்கும் கொலை மிரட்டல்கள் வந்துகொண்டே இருந்தன. மிரட்டலுக்கு உள்ளாகும் பத்திரிகையாளர்கள் தம்மை எப்படிக் காத்துக்கொள்வது என்று ஸ்வீடன் பத்திரிகையாளர் சங்கத்துக்காக ஒரு கையேடே எழுதியவர் அவர். அப்படிப்பட்டவர் திடீரென்று விழுந்து இறந்தால் ஊர் சந்தேகப்படத்தான் செய்யும். ஆனால் சந்தேகத்துக்கான பின்புலம் இருப்பது வேறு, சான்று இருப்பது வேறு. கொலை என்று காட்டும் எந்தச் சான்றும் இன்றுவரை வந்ததில்லை; அவரை அருகிருந்து அறிந்தவர்கள் யாரும் அப்படிச் சொன்னதும் இல்லை. அவர்கள் சொல்வதெல்லாம் ஓயாத சிகரெட், நாள் முழுதும் கறுப்புக் காப்பி, கிடைத்ததைக் கொறிக்கும் உணவு, விடியும்வரை வேலை என்பதுதான். பத்திரிகை அலுவலகங்களில் காலம் தள்ளியவர்களுக்கு இந்த உடல் பழக்கமான உடல். எனக்குத் தெரிந்தே மூன்று பேர் இப்படிப் போயிருக்கிறார்கள், அவர்களில் யாரையும் எந்த எதிரியும் தொடவில்லை.

அடுத்து, எந்தப் பதிப்பகமும் சீண்டாத கைப்பிரதிகளை அலமாரியில் வைத்துவிட்டு யாருக்கும் தெரியாமல் இறந்தவர் என்று ஒரு கதை சுற்றுகிறது. இதில் கால்வாசி உண்மை. முதலில் அனுப்பிய ஓரிடத்திலிருந்து பிரதி திரும்பி வந்தது. அதன்பின் 1823-இல் தொடங்கிய, ஸ்வீடனின் மிகப் பழைய பதிப்பகமான நோர்ஸ்டெட்ஸ், 2004-ஆம் ஆண்டின் முற்பகுதியிலேயே மூன்று நாவல்களுக்கும் சேர்த்து அவருடன் ஒப்பந்தம் செய்துவிட்டது. ஒரு புதிய நாவலாசிரியருடன் ஒரே மூச்சில் மூன்று புத்தகங்களுக்குக் கையெழுத்திடுவது எங்கள் தொழிலில் அபூர்வம். பிரதியைப் படித்தவர்கள் ஆடிப்போயிருந்தால் ஒழிய அப்படிச் செய்ய மாட்டார்கள். ஆகவே தாம் எழுதியது புத்தகமாகப் போகிறது என்பது லார்சனுக்கு நன்றாகவே தெரியும். பார்க்காமல் போனது அதற்குப் பிறகு நடந்ததை: 2005-இல் முதல் நாவல், 2006-இல் இரண்டாவது, 2007-இல் மூன்றாவது, முதல் நாவலுக்கு வட ஐரோப்பாவின் சிறந்த குற்றப்புனைவுக்கான கண்ணாடிச் சாவி விருது, 2010-இல் கிண்டில் மின்னூல் கடையில் பத்து லட்சம் பிரதிகளைக் கடந்த முதல் எழுத்தாளர் என்ற அறிவிப்பு, உலகெங்கும் எட்டுக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனை. ஐம்பது வயதுவரை வாடகையும் சம்பளமுமாக வாழ்ந்த மனிதருடைய பெயரில் இவ்வளவும் நடந்தது.

ஆனால் 'புகழுக்கு முன் இறந்தவர்' என்ற ஒற்றை வரியில் அடைத்துவிட்டால், அதற்கு முந்தைய முப்பதாண்டு உழைப்பு கண்ணில் படாமல் போகிறது. என் மனக்குறை இதில்தான். லார்சன் 1954-இல் வடக்கு ஸ்வீடனில், வெஸ்டர்போட்டன் பகுதியில் பிறந்தவர். பெற்றோர் இளவயதினர், வசதியற்றவர்கள்; ஆகவே ஏறத்தாழ ஒன்பது வயதுவரை காட்டோரக் கிராமம் ஒன்றில் அம்மாவின் பெற்றோரிடம் வளர்ந்து, தாத்தா இறந்த பிறகே உமியோ நகரத்துக்குப் பெற்றோரிடம் வந்து சேர்ந்தார். உமியோவில் அவர் பெயரிலேயே இன்னொரு எழுத்தாளர் இருந்ததால், குழப்பம் வேண்டாமென்று தம் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டார். பிறந்தபோது வைத்த 'ஸ்டிக்' அப்படித்தான் 'ஸ்டீக்' ஆனது. 1972-இல் வியட்நாம் போருக்கு எதிரான ஒரு கூட்டத்தில் எவாவைச் சந்தித்தார். அறிவியல் புனைகதை ஆர்வலர்களுக்காக உருளை அச்சில் சிற்றிதழ்கள் நடத்தினார். 1977-இல் ஆப்பிரிக்காவின் எரித்ரியாவுக்குப் போய் அங்கே விடுதலைக்குப் போராடிய பெண்களுக்கு ஆயுதப் பயிற்சி அளித்தார் என்கிறார்கள். 1979 முதல் இருபதாண்டுகள் டிடி என்னும் செய்தி நிறுவனத்தில் வேலை. அதுவும் நிருபராக அன்று, பெரும்பாலும் வரைபடங்களும் விளக்கப்படங்களும் தயாரிப்பவராக. பகலில் தேர்தல் முடிவுகளுக்குக் கட்டமும் கோடும் போட்டவர், இரவில் லண்டனிலிருந்து வெளிவந்த 'சர்ச்லைட்' என்னும் நாஜி எதிர்ப்பு இதழுக்கு ஸ்வீடன் செய்திகளை எழுதினார். 1991-இல் தீவிர வலதுசாரி அமைப்புகளைப் பற்றி இன்னொரு பத்திரிகையாளருடன் சேர்ந்து எழுதிய நூல் வெளிவந்தது. நாவல்களை எழுதத் தொடங்கியதே இத்தனைக்கும் பிறகுதான், இளைப்பாறுவதற்காக, ஒருவகையில் வயதான காலத்துச் சேமிப்பாக.

அதனால் அந்த மூன்று நாவல்களையும் நான் துப்பறியும் கதைகளாக மட்டும் படிப்பதில்லை. பத்திரிகையில் அச்சேற்ற முடியாதவற்றை வேறு பெயர்கள் கொடுத்து ஒரு நிருபர் எழுதி முடித்ததாகவே படிக்கிறேன். முதல் நாவலில் ஒரு பெருமுதலாளியை அம்பலப்படுத்தப் போய் அவதூறு வழக்கில் தோற்றுத் தண்டனை பெற்ற பத்திரிகையாளன் மிக்கேல் பிளம்க்விஸ்ட். இரண்டாவதில் பெண்களைக் கடத்தி விற்கும் வலையைப் பற்றி வெளிவரவிருக்கும் ஓர் ஆய்வும், அதற்காக விழும் பிணங்களும். மூன்றாவதில் அரசின் பாதுகாப்புப் பிரிவுக்குள்ளேயே யாருக்கும் பதில் சொல்லாமல் இயங்கும் ஒரு குழு. இவற்றின் நடுவே, ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் எழுதிய குழந்தைக் கதைகளில் வரும் அடங்காத சிறுமி பிப்பி வளர்ந்தால் எப்படியிருப்பாள் என்ற யோசனையிலிருந்து பிறந்த நாயகி லிஸ்பெத் சாலண்டர். பிளம்க்விஸ்ட் என்ற பெயரே லிண்ட்கிரெனின் சிறுவர் துப்பறிவாளனுடைய பெயர்தான். நாவலுக்குள் மற்றவர்கள் அதைச் சொல்லியே அவனைக் கிண்டல் செய்கிறார்கள்.

முதல் நாவலின் தலைப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்'. அதை மாற்றலாமா என்ற பேச்சு ஸ்வீடனிலேயே எழுந்தபோது அவர் விட்டுக்கொடுக்கவில்லை என்று எவா எழுதியிருக்கிறார். அவர் இறந்தபின் ஆங்கிலப் பதிப்பில் அது டிராகன் பச்சை குத்திய பெண்ணாயிற்று; பிரெஞ்சில் வெறுப்பு தணிந்து, 'பெண்களை நேசிக்காத ஆண்கள்' ஆயிற்று. விற்பனை என்ற கணக்கில் ஆங்கிலத் தலைப்பு வென்றது, அதை மறுப்பதற்கில்லை. நானும் அந்த அட்டையைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் நாவலின் நான்கு பகுதிகளின் முகப்பிலும் அவர் ஒவ்வொரு வரியை நட்டு வைத்திருக்கிறார்: ஸ்வீடனில் 18 சதவீதப் பெண்கள் எப்போதாவது ஓர் ஆணால் மிரட்டப்பட்டவர்கள், 46 சதவீதத்தினர் ஆணின் வன்முறைக்கு உள்ளானவர்கள், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் 92 சதவீதம் பேர் கடைசியாக நடந்ததைப் போலீசில் சொல்லவே இல்லை. கதைக்குள் எந்தப் பாத்திரமும் இவற்றை வாய்விட்டுச் சொல்வதில்லை. மூலத் தலைப்போடு படித்தால் இந்த வரிகள் புத்தகத்தின் முதுகெலும்பு. ஆங்கிலத் தலைப்போடு படித்தால் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட புள்ளிவிவரம். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் பதிப்பகம் செய்த திருத்தங்கள் பிடிக்காமல் தம் உண்மைப் பெயரை எடுத்துவிட்டு ரெக் கீலண்ட் என்ற புனைபெயரைப் போட்டுக்கொண்டார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவது நாவலின் கதையும் இதேதான். ஸ்வீடிஷில் 'காற்றுக் கோட்டை' என்ற சொல்லுக்கு நம்முடைய 'மனக்கோட்டை' அப்படியே பொருந்துகிறது. 'வெடித்துச் சிதறிய மனக்கோட்டை' என்று தமிழில் வைத்தால் அவர் நினைத்ததற்கு ஆங்கிலத்தைவிடப் பக்கத்தில் நிற்போம்.

திருத்துபவன் என்ற முறையில் நான் அவரிடம் குறை காணாமல் இருக்க முடியாது. முதல் நாவலின் தொடக்கத்தில், எண்பத்திரண்டாம் பிறந்தநாளன்று ஒரு கிழவருக்குத் தபாலில் வரும் சட்டமிட்ட காய்ந்த பூவும், சுவரில் மாட்டியிருக்கும் மற்றவற்றை அவர் பார்ப்பதும், ஓய்வுபெற்ற ஒரு போலீஸ்காரருடன் தொலைபேசியில் பேசுவதும் இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடுகின்றன. இதைவிடச் சிக்கனமான தொடக்கத்தைக் குற்றப்புனைவில் நான் அதிகம் பார்த்ததில்லை. அதே கையோடு நிதி மோசடி வழக்கு ஒன்றின் விவரத்தில் இறங்கி வாசகனைப் பல பக்கங்கள் காயப் போடுகிறார். இரண்டாவது நாவலில் லிஸ்பெத் புதுவீட்டுக்கு ஐக்கியா என்னும் மரச்சாமான் கடையில் வாங்கும் மேசை, நாற்காலி, கட்டில், அலமாரி எல்லாம் மாதிரிப் பெயரோடு வரிசையாக வருகின்றன. கடைச் சிட்டையைக் கதைக்குள் தைத்ததுபோல் இருக்கும். மடிக்கணினியின் நினைவகம் எவ்வளவு, வட்டு எவ்வளவு, மைக்ரோவேவில் சூடாக்கிய பிட்சா என்ன பிராண்டு, எத்தனையாவது காப்பி என்பதெல்லாம் தவறாமல் பதிவாகும். உயிரோடு இருப்பவரின் பிரதியாக இருந்தால் அழைத்து உட்கார வைத்து, 'ஐயா, இதில் பாதி போதும்' என்று சொல்லியிருப்பேன். அவரும் சண்டை போட்டு ஒன்றிரண்டைக் காப்பாற்றியிருப்பார். இறந்தவரின் பிரதியில் அந்தச் சண்டைக்கு வழியில்லை. வெட்டினால் கை நடுங்கும், வெட்டாவிட்டால் மனம் உறுத்தும். இந்த நாவல்களைப் படிக்கும்போது சில பக்கங்களில் அந்த நடுக்கத்தை நான் உணர்ந்திருக்கிறேன். விவரங்களைக் கொட்டியது அவருடைய குறை என்று மட்டும் சொல்லிவிடவும் முடியாது. இனவெறிக் குழுக்களின் முகவரி, வண்டி எண், வங்கிக் கணக்கு என்று சேர்த்துப் பழகிய ஆவணக்காரரின் கை அது.

இனிப் பணத்துக்கு வருகிறேன். எவாவும் லார்சனும் முப்பதாண்டுகளுக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தும் திருமணப் பதிவு செய்துகொள்ளவில்லை. ஸ்வீடன் சட்டத்தில் மணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கென்று தனிச் சட்டம் உண்டு. ஆனால் அது சேர்ந்து வாழ்வதற்காக வாங்கிய வீட்டையும் வீட்டுப் பொருள்களையும் சரிபாதியாகப் பிரிப்பதோடு நின்றுவிடுகிறது. ஒருவர் உயிலின்றி இறந்தால் மற்றவர் வாரிசாக மாட்டார். பிள்ளைகள் இல்லாததால் சொத்து பெற்றோருக்குப் போக வேண்டும். அம்மா முன்பே காலமாகிவிட்டபடியால் அவருடைய பாதி தம்பிக்கு இறங்கியது. அப்படித்தான் நூல்களின் உரிமை முழுவதும் தந்தை எர்லண்டுக்கும் தம்பி யோவாக்கிமுக்கும் சென்றது. எவா சட்டப்படி மனைவியாக இருந்திருந்தால் எல்லாம் முதலில் அவரிடமே வந்திருக்கும். உயில் ஒன்று இருந்தது என்பதுதான் இதில் கசப்பான பகுதி: 1977-இல் ஆப்பிரிக்காவுக்குப் புறப்படும் முன் இருபத்திரண்டு வயது லார்சன் எழுதிவைத்த கடிதம், தம் உடைமைகளை உமியோவில் இருந்த ஒரு கம்யூனிஸ்ட் குழுவுக்கு விட்டுச்செல்கிறது. அதில் சாட்சிக் கையெழுத்து இல்லாததால் செல்லவில்லை. சென்றிருந்தாலும் எவாவுக்கு ஒன்றும் வந்திருக்காது. 2009-இல் தந்தையும் தம்பியும் 2 கோடி ஸ்வீடன் குரோனர் தருவதாகப் பகிரங்கமாகச் சொன்னார்கள், எவா ஏற்கவில்லை. அவர் கேட்டது நூல்களின்மீது முடிவெடுக்கும் உரிமையை. பதிப்புரிமை இறந்த ஆண்டிலிருந்து 70 ஆண்டுகள் என்பதால், 2074 முடியும்வரை அந்த முடிவுகள் வாரிசுகளுடையவை.

தந்தையையும் தம்பியையும் வில்லன்களாக்கும் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. சட்டம் கொடுத்ததைப் பெற்றுக்கொண்டார்கள், அதற்குமேல் நியாயம் பேசுவது இரு வீட்டாருக்கும் உள்ளது. இதை நான் இவ்வளவு தயங்கிச் சொல்வதற்கு என் மேசையில் நடந்த ஒன்று காரணம். மாத நாவல்கள் எழுதிவந்த ஒருவர் ஐம்பத்து நான்கு வயதில், காலையில் பால் வாங்கப் போன இடத்தில் விழுந்து இறந்துவிட்டார். காரியங்கள் முடிந்து இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி ஒரு துணிப்பையில் மூன்று லாங் சைஸ் நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். மூன்றாவது நோட்டில் முக்கால்வாசிக்குமேல் வெள்ளைத்தாள். கடைசியாக எழுதிய பக்கத்தில் ஒரு பாத்திரம் கதவைத் தட்டுகிறது, யார் திறந்தார்கள் என்பது இல்லை. பின்னட்டையின் உட்புறத்தில் அந்த மாதத்துப் பால் கணக்கு. 'தம்பி, அவர் இருந்தா இதை எப்படி முடிச்சிருப்பாரு?' என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நூலை அப்படியே, பாதியாகவே வெளியிடலாம் என்று முடிவு செய்தோம். நம் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாமல் இறந்தவருக்கு மனைவி, பிள்ளைகளோடு தாயும் சமபங்குக்காரர். ஊரில் மூத்த மகனிடம் இருந்த அந்தத் தாய் கையெழுத்துப் போடவில்லை. போடவேண்டாமென்று யார் சொன்னார்கள் என்பது அந்த வீட்டு விவகாரம். நோட்டுகள் இன்னும் என் ஸ்டீல் பீரோவில் இருக்கின்றன. உயில் எழுத நம்மூரில் முத்திரைத்தாள் கூட வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு பேர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். உமியோ கடிதத்தில் இல்லாமல் போனதும் அந்த இரண்டு கையெழுத்துகள்தான். சேர்ந்து வாழும் பெண்ணுக்கு நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சில பாதுகாப்புகளைத் தருகிறது, வாரிசுரிமை தருவதில்லை. அந்தச் சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் எவாவின் நிலை இங்கே வேறாக இருந்திருக்காது.

சர்ச்சையில் இருப்பவற்றைத் தனியே பிரித்து வைக்கிறேன், ஏனெனில் இணையத்தில் இவைதாம் உறுதியான செய்திகளாக உலவுகின்றன. பத்து நாவல்கள் எழுதத் திட்டமிட்டிருந்தார் என்பது நண்பர்களின் கூற்று. மை ஷோவால், பெர் வாலோ என்னும் ஸ்வீடன் இணையர் 1965 முதல் 1975 வரை பத்தே நாவல்களில் தங்கள் துப்பறியும் வரிசையை முடித்த முன்மாதிரி இருப்பதால் நம்பத்தகுந்தது, ஆனால் பத்துக்கும் கதைச்சுருக்கம் இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான்காவது நாவலின் ஒரு பகுதி மடிக்கணினியில் இருந்தது என்பதை எவாவும் சொல்கிறார், 200 பக்கம் என்பது அவருடைய கணக்கு, அது வெளிவரவில்லை. லார்சனுக்கு இவ்வளவு நன்றாக எழுத வராது, எவாதான் எழுதியிருப்பார் என்று செய்தி நிறுவனத்துப் பழைய சகா ஒருவர் கிளப்பிய பேச்சும் உண்டு. எவா தம் நினைவுக் குறிப்பில் கருத்துகளும் இடங்களும் உரையாடல்களும் இருவர் வாழ்க்கையிலிருந்து வந்தவை என்கிறார், எழுதியது லார்சன்தான் என்றும் சொல்கிறார். என் தொழில் அனுபவத்தில், செய்தி எழுதத் திணறிய பலர் கதையில் வெளுத்து வாங்கியதைக் கண்டிருக்கிறேன். ஆகவே சகாவின் வாதம் எனக்கு வாதமாகவே படவில்லை. மிரட்டல்களுக்கு அஞ்சி, முகவரி வெளியே தெரியக்கூடாதென்றே திருமணத்தைத் தள்ளிப்போட்டார்கள் என்பது எவா தரும் விளக்கம். அவர்கள் வாழ்ந்த சூழலுக்கு அது பொருந்துகிறது. இரண்டு பேர் மணம் செய்துகொள்ளாததற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியுமா என்பதை நான் சொல்லப் போவதில்லை.

தொடர்ச்சிகளைப் பற்றிக் கேட்டீர்கள். வாரிசுகளின் இசைவோடு டேவிட் லாகர்கிரான்ட்ஸ் 2015, 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் மூன்று நாவல்கள் எழுதினார். 2022-இலிருந்து கரின் ஸ்மிர்னோஃப் கதையை வடக்கு ஸ்வீடனுக்குக் கொண்டுபோய்த் தொடர்கிறார். எவா இந்த ஏற்பாட்டையே வெளிப்படையாக எதிர்த்தார். சட்டப்படி இவற்றில் தவறில்லை, மடிக்கணினியில் இருந்த பக்கங்களை இவர்கள் பயன்படுத்தவும் இல்லை. லாகர்கிரான்ட்ஸின் முதல் நூலை நான் படித்தேன். கதை ஒழுங்காக நகர்கிறது, தேவையற்ற மேசை நாற்காலி ஒன்றுகூட இல்லை, நான் வெட்டச் சொல்லியிருக்கக் கூடிய இடமே குறைவு. வாசித்து முடித்தபோது அந்த ஐக்கியா பட்டியல்மீது எனக்குத் திடீரென்று ஒரு பாசம் வந்தது. லிஸ்பெத்தின் சாகசம் வேண்டுமென்றால் இவற்றைத் தாராளமாகப் படியுங்கள். லார்சன் வேண்டுமென்றால் அவர் மூன்றோடு முடிந்தார்.

அவரை நினைவுகூர்வதற்கென்று நீங்கள் ஏதேனும் செய்ய விரும்பினால், ஸ்டாக்ஹோமின் சோடர்மால்ம் தீவில் ஹோகலிட் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அவர் இருக்கிறார். எக்ஸ்போ நின்றுவிடவில்லை, அதே வேலையைத் தொடர்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்றால் நாவல்களையே எடுங்கள். முதல் நாவலில் நிதி மோசடிப் பகுதியைப் பொறுத்துக்கொள்ளுங்கள், பிளம்க்விஸ்ட் ஒரு தீவுக்குப் போய்ச் சேர்ந்ததும் வேகம் பிடித்துவிடும். பகுதிகளின் முகப்பிலுள்ள சதவீத வரிகளைத் தாண்டிப் போகாதீர்கள். இரண்டாவதைக் கையில் எடுக்கும்போது மூன்றாவதும் பக்கத்தில் இருக்கட்டும், ஏனென்றால் இரண்டாவது முடியும் அதே இரவில், மருத்துவமனையில், மூன்றாவது தொடங்குகிறது.